ஒன்றும் வரவில்லையென்றால் நல்லது

கோதண்டபாணியின் கழுத்து இத்தனை மெல்லிசு என்று செண்பகவல்லி இதுவரை கவனித்ததில்லை. ஒரு தளம் முழுக்க இருக்கிற ஆட்களுக்கு மேலாளர், குரலைச் சற்று இறக்கினாலே எதிரே இருப்பவர் எழுந்து நின்றுவிடுவார், ஆனால் கழுத்து மட்டும் கோழிக்கழுத்து. மேசை நடுவில் கேட்பாரற்றுக் கிடந்த நீல நெட்வொர்க் கேபிளை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை அவர் முதுகில் ஊன்றி இழுத்தால் அந்தக் குரல்வளை மேடு எந்தப் பக்கம் நகரும் என்று அவள் மனம் சாவகாசமாக, சாம்பாருக்குப் புளி எவ்வளவு போடலாம் என்று யோசிப்பதுபோல, யோசித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி, அது பரம்பரைச் சொத்து. பெருங்குடியில் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்கு வெளியே மெட்ரோவுக்காகப் பாறை உடைக்கிற இயந்திரம் காலையிலிருந்து டம் டம் என்று இடித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு இடிக்கும் மேசை மேலிருந்த தண்ணீர் நடுங்கியது, மத்தியானச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றது. சுவரில் பெரிய திரை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கமாண்ட், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் கர்சர் மட்டும் மினுக் மினுக்கென்று. "பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றார் கோதண்டபாணி, பேத்தியின் நடனத்தைக் காட்டுகிற தாத்தாபோல. "நல்லா இருந்தா வாயத் தொறக்கக் கூடாது. பிரச்சினைன்னா மட்டும் பேசணும். நல்ல கமாண்டுக்கு அதான் லட்சணம்." சுத்தம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் சவரிராஜின் பல் ஞாபகம் வந்தது. மருத்துவமனை மாடிப்படியில் கிடந்த பல்லை யாரோ துடைத்து எடுத்துப்போய், தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்தப் பல் எங்கே போயிருக்கும். ஒரு மனிதனின் பல் விழுந்தால் அதை யார் எடுத்து எதில் போடுவார்கள். கேபிள் நீளமாகத்தான் இருக்கிறது, இரண்டு சுற்றுக்குத் தாராளம். செய்யமாட்டாள். செய்யமாட்டாள் என்று நேற்றுவரை உறுதியாகத் தெரியும். போன மாதம் இதே அறையில் எவர்சில்வர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் கண்ணாடிச் சுவரில் எறிகிறவரைக்கும், அதையும் தான் செய்யமாட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுவர் உடையவில்லை, சிலந்திவலைபோல விரிசல் விட்டதோடு சரி. ஆனால் அதற்கப்புறம் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, இனிக்க இனிக்கப் பேசி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்விடவேண்டியதுதான் என்பதை வெல்லப்பாகில் முக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எனவே இன்றைக்குச் செண்பகவல்லி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வார்த்தை மட்டும்தான் வெளியே வரும் என்று யார் உத்தரவாதம் தருவது. ஆனால் திறக்காமலும் இருக்க முடியாது, ஏனென்றால் இந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விஷயத்தையும் விவாதித்து முடித்ததும் கோதண்டபாணி, "ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரம்வரை காத்திருப்பார். யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம், முடிந்தது, அடுத்த விஷயம். பத்து வருஷமாக அப்படித்தான், கையைத் தூக்கு, கையெழுத்துப் போடு என்கிற தொல்லையே கிடையாது, எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இன்றைக்கு அவர் அதைக் கேட்கும்போது அவள் பேசாமல் இருந்தால், இந்தக் கமாண்ட் இப்படியே, இந்தச் சுத்தத்தோடேயே, புதிய பதிப்பில் ஏறி நாளைக்கு ஊரெல்லாம் போய்விடும். ஆஸ்பத்திரிகளுக்கு, கல்லூரிகளுக்கு, கூட்டுறவு வங்கிகளுக்கு, எங்கெல்லாம் தகவல்களைச் சேமித்துவைக்கிற அவர்களுடைய ஸ்டோரேஜ் பெட்டிகள் இருட்டறையில் உறுமிக்கொண்டிருக்கின்றனவோ அங்கெல்லாம். பெட்டி என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, பீரோ மாதிரி இருக்கும், உள்ளே வரிசையாக டிஸ்க்குகள், ஒன்று செத்தால் மற்றவை அதன் சுமையைத் தாங்கிக்கொள்ளும், செத்ததை உருவி எறிந்துவிட்டுப் புதியதைச் செருகலாம். உருவுவதற்கு முன்னால் மட்டும் ஒரு கமாண்டை அடித்துக் கேட்கவேண்டும்: இதை எடுக்கலாமா? எடுக்கக் கூடாதென்றால், பக்கத்து டிஸ்க்கும் சாகக் கிடக்கிறது, தொடாதே என்று காரணம் சொல்லும். எடுக்கலாமென்றால் ஒன்றும் சொல்லாது. கர்சர் மட்டும் மினுக்கும். பயிற்சி வகுப்பில் அதைத் தாலாட்டு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள், ஒன்றும் வரவில்லையென்றால் நல்லது, ஒன்றும் வரவில்லையென்றால் நல்லது.

"ஒண்ணும் வரலக்கா," என்றுதான் சவரிராஜும் சொன்னான். தூத்துக்குடிப் பையன், பெட்டிகளை ஊர் ஊராகப் போய்ப் பழுதுபார்க்கிற ஆள், போனில் எப்போதும் சத்தம் போட்டுத்தான் பேசுவான், கடல் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் காது கேட்காது என்று ஒரு நினைப்பு. இந்தத் தடவை சத்தம் இல்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பல்லிடுக்கு வழியாகக் காற்றும் வார்த்தையுமாகக் கலந்து வந்தது. "நா அடிச்சுப் பாத்தேங்க்கா. கொஞ்ச நேரம் நின்னுச்சு. பொறவு ஒண்ணும் வரல. வரலன்னா நல்லதுன்னுதான சொல்லிக் குடுத்தாவ?" நல்லது இல்லை சவரி. பெட்டிக்குள்ளே எல்லா டிஸ்க்குகளிடமும் விசாரித்துச் சொல்கிற கார்டு ஒன்று உண்டு, அதுவே மயங்கிக் கிடந்தது. கமாண்ட் போய்க் கதவைத் தட்டியது, யாரும் திறக்கவில்லை, காத்திருந்து காத்திருந்து பேசாமல் திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்பதற்கும் ஒன்றும் இல்லை, எனக்கே தெரியாது என்பதற்கும் ஒன்றும் இல்லை. அவன் உருவினான். பக்கத்து டிஸ்க் காலையிலிருந்தே சாகக் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் எல்லாம் இருந்த பெட்டி, மொத்தமும் சரிந்தது. ஆப்பரேஷன் தியேட்டரில் ஒருவனை மேசையில் படுக்கவைத்துவிட்டு டாக்டர் ஸ்கேனைத் திறந்து பார்க்கிறார், திரை வெள்ளையாக இருக்கிறது. வெளியே சொந்தக்காரர்கள். கம்ப்யூட்டர்காரன் எதையோ பிடுங்கிப்போட்டுட்டானாம் என்று யாரோ ஒருவர் சொல்ல, அது கூட்டத்தில் பற்றி ஓடியிருக்கிறது. சவரி கழுத்தில் அடையாள அட்டை நாடா, நல்ல கெட்டி நாடா, கம்பெனி பெயர் போட்டது. அதைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறார்கள், அறையிலிருந்து வராந்தாவுக்கு, வராந்தாவிலிருந்து மாடிப்படிக்கு, படி படியாக. குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கம்பியால் ஒருவன். செருப்புக் காலால் ஒருவன். நெற்றியில் விபூதியோடு, அதுவரை சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, கையிலிருந்த டிபன் கேரியரால். டிபன் கேரியரைத்தான் செண்பகவல்லியால் தாண்டிப்போக முடியவில்லை. உள்ளே சாப்பாடு இருந்திருக்கும். தன் பிள்ளை கண் விழித்ததும் கொடுக்கலாம் என்று கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு, அதோடு சேர்த்து ஓங்கி ஓங்கி. அந்த அம்மாள்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அவளுக்குப் புரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. தான் அங்கே இருந்திருந்தால், பிள்ளை உள்ளே கிடந்திருந்தால், டிபன் கேரியரோடு நிறுத்தியிருக்கமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"செண்பகவல்லி அனுப்பினத எல்லாரும் பாத்திருப்பீங்க," என்றார் கோதண்டபாணி. அவள் அனுப்பியது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. எந்தக் கமாண்டாக இருந்தாலும் வரியின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு வார்த்தை வந்தே ஆகவேண்டும்: சரி, மோசம், தெரியவில்லை. எல்லாக் கமாண்டிலும் அதே மூன்று, அதே இடத்தில், அதே எழுத்தில். ஓரிடத்தில் நல்லது என்றும் இன்னோரிடத்தில் ஆரோக்கியம் என்றும் மூன்றாவது இடத்தில் பச்சைப் புள்ளி மட்டும் என்றும் இப்போது கிடக்கிற கந்தரகோலம் கூடாது. இருட்டறையில் வியர்த்து வழிந்து நிற்கிறவன் படிக்க ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவள் கேட்டது. "நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா யோசிச்சுப் பாருங்க. பெரிய பெரிய வாடிக்கையாளருங்க எல்லாம் நம்ம கமாண்டத் தானா அடிச்சுப் பாக்கிற ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்காங்க. ஏதாவது ஒரு எழுத்து வந்தாலே பிரச்சினைன்னு எடுத்துக்கும். நாளைக்கு எல்லாப் பெட்டியும் 'சரி'ன்னு பேச ஆரம்பிச்சா, அத்தனை ஊர்லயும் அபாயச் சங்கு ஊதும். நம்ம போன் தாங்குமா?" தப்பில்லை. அதுதான் எரிச்சல். முட்டாள்தனமாகப் பேசினால் வெறுக்கச் சௌகரியமாக இருக்கும், மனுஷன் நியாயமாகப் பேசிக்கொண்டு கழுத்தையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அப்புறம் இந்த மூணாவது வார்த்தை. தெரியவில்லை. அம்மா, காசு குடுத்து வாங்கின பொருள் 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னா வாங்கினவன் என்ன நினைப்பான்? கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன் தெரியாதுன்னு சொன்னா நாமளே கத்துவோம்ல." ஒருவர் சிரித்தார். சிரித்தது யார் என்று அவள் பார்க்கவில்லை, பார்த்தால் அந்த முகம் மனதில் தங்கிவிடும், அப்புறம் அதை வைத்துக்கொண்டு மனம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சவரிராஜ் விஷயம் வருத்தமானதுதான் என்றும், ஆனால் கார்டு இப்படிப் பதில் சொல்லாமல் மயங்கித் தொங்குவது அபூர்வத்திலும் அபூர்வம் என்றும், அனுபவமுள்ள ஆளாக இருந்தால் 'கொஞ்ச நேரம் நின்றது' என்பதிலேயே சந்தேகப்பட்டிருப்பான் என்றும் அவர் சொல்லிக்கொண்டே போனார். அனுபவமுள்ள ஆள். டம். சந்தேகப்பட்டிருப்பான். டம். மேசை விளிம்பை அவள் பிடித்திருந்த பிடியில் நகத்துக்கு அடியில் வெள்ளையாகிவிட்டது, அந்த விளிம்பு பிய்ந்து கையோடு வந்தால் நல்ல கனமாக இருக்கும், ஒரு முனை அவர் நெற்றிக்கும் மறுமுனை சிரித்தவனுக்கும். அனுபவமுள்ள ஆளாம். அனுபவம் எத்தனை வயதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அவளுக்கு ஆறு வயதிலேயே வந்துவிட்டது. கத்துகிற அப்பா வாய்த்த பிள்ளைகளைப் பார்த்தால் அவளுக்கு அப்போது பொறாமையாக இருக்கும். எதிர்வீட்டு மாரீஸ்வரியின் அப்பா சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருமுனையிலிருந்தே ஆரம்பிப்பார், அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் சாவகாசமாகப் பின்வாசல் வழியாகப் போய்விடும். இவளுடைய அப்பா கோவில்பட்டி டிப்போவில் பஸ் டிரைவர். குடிக்கமாட்டார், சத்தம் போடமாட்டார், ஊரில் தங்கமான மனுஷன். பயணிகள் அவர் ஓட்டுகிற பஸ் என்றால் தூங்கிக்கொண்டு வருவார்களாம். வீட்டுக்கு வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், காலைக் கழுவுவார், பேசாமல் உட்காருவார். அந்தப் பேசாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று களைப்பு. இன்னொன்று அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதே முதுகு, அதே பனியன், அதே விசிறி. எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. செருப்பை விட்ட விதமா, தண்ணீரைக் குடித்த விதமா, அவளும் தம்பி சுடலைமுத்துவும் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு கணக்கும் இரண்டு நாள் தாங்காது. அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்வாசல் கொண்டியில் ஈரத்துண்டு தொங்கினால் உள்ளே வராதே, மாரீஸ்வரி வீட்டில் போய் உட்கார். துண்டு இல்லாவிட்டால் வரலாம். "ஏட்டி, துண்டு கெடந்தா எட்டிக்கூடப் பாக்கக் கூடாது, ஆமா," என்று சொல்லியிருந்தாள். துண்டு இல்லாவிட்டால் நல்லது. அந்த வழி வெகுநாள் வேலை செய்தது. துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிய சாயங்காலங்களில் அவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனத்தின் சந்தோஷம்கூட இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொண்டியில் ஒன்றும் இல்லை. சுடலை பசி தாங்காதவன், பையைச் சுழற்றிக்கொண்டே முன்னால் ஓடினான், அக்கா துண்டு இல்ல என்று கத்திக்கொண்டு. அவள் இரண்டெட்டுப் பின்னால். இரண்டெட்டுத்தான். உள்ளே அடுப்படித் தரையில் அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள், கை முறுகிக் கிடந்தது, துண்டு அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வாளிக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. மாட்டுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாட்டவேண்டியவளையே முதலில் விழத்தாட்டிவிட்டார். சுடலை நேராக அவர் கைக்குள் போய் நின்றான். சத்தம் இல்லாமல், ஒரு வார்த்தை இல்லாமல், காதோடு சேர்த்து ஓர் அறை. அவனுக்கு இன்றைக்கும் இடது காது கேட்காது. போனில் பேசினால் வலது காதில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கேன்க்கா, நல்லா இருக்கேன் என்பான். அபூர்வத்திலும் அபூர்வம் என்கிறார் கோதண்டபாணி. துண்டு மாட்டுகிறவளே தரையில் கிடப்பது அபூர்வம்தான். எத்தனை தடவை நடந்தால் போதும் என்று அவரிடம் கேட்கவேண்டும், எத்தனை காது, எத்தனை பல்.

கேட்கவேண்டும். கேட்டால் என்ன குரலில் வரும். போன தடவையும் கேட்கத்தான் போனாள், கேள்வி தொண்டைக்கு வருவதற்குள் கை ஃபிளாஸ்க்கைத் தேடிப் போய்விட்டது. அது எறியப்பட்டு, சுவரில் மோதி, வெந்நீர் சிதறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஹானாவின் சேலை நனைந்து எல்லாம் முடிந்த பிறகுதான் தன் கோபம் எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்தது. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் வரவில்லை. இன்றைக்குக் காலையில்கூட. மகள் யாழினி அடுப்படி வாசலில் நின்றாள், பள்ளிக்கூடச் சீருடை, சடையில் ஒரு பக்கம் மட்டும் ரிப்பன். இன்னொரு பக்கத்துக்கு ரிப்பன் கட்டிவிடச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். சொல்லவில்லை. நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கத்தி பிடித்த வலது கையை, அப்புறம் சும்மா இருந்த இடது கையை. பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப்போய்த் தானே கட்டிக்கொண்டாள், கோணலாக. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறேன் என்று செண்பகவல்லி உள்ளுக்குள் வாதாடினாள், யாரிடமோ, ஒரு தடவை, அதுவும் லேசாக, அதுவும் நான் பேயாட்டம் களைத்து வந்திருந்த அன்றைக்கு. ஆனால் பிள்ளை என்ன கணக்குப் போடுகிறாளோ. செருப்பைப் பார்க்கிறாளோ, பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்கிறாளோ. என்னைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும், என் முகத்தில்தான் ஒன்றும் வராதே. இந்தக் கோதண்டபாணியை அடிக்கவேண்டும் என்றால் அதற்கு நான் எதற்கு, அப்பாவையே கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம், வித்தியாசம் யாருக்கும் தெரியாது. டம், டம். அந்த இயந்திரத்துக்கு ஒரு கொடுப்பினை, இடிப்பது அதன் வேலை, ஊரறிய இடிக்கிறது, பக்கத்தில் சிவப்பு விளக்கும் கொடியும் கட்டி, தள்ளி நில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தள்ளி நில். அவள் கழுத்தில் யாராவது அப்படி ஒன்று மாட்டிவிட்டால் தேவலை.

"அப்ப இது பழையபடியே போகட்டும். கார்டு தொங்கினா என்ன செய்யணும்னு பயிற்சியில ஒரு வரி சேத்துடலாம்," என்றார் கோதண்டபாணி. "ஆட்சேபம் இருக்கா?" கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியை எடுத்தார். ஊதினார். இவ்வளவுதான் நேரம், இவர் துடைத்து முடிக்கிற நேரம். ஒரு கண்ணாடி துடைத்தாகிவிட்டது. பேசு. பேசினால் கை எழும்பும், வேலை போகும், யாழினியின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை. பேசாவிட்டால் நாளைக்கு இன்னொரு சவரி இன்னோர் இருட்டறையில் நின்று கர்சரைப் பார்ப்பான், ஒன்றும் வரவில்லை, நல்லது என்று கையை நீட்டுவான், கதவுக்கு வெளியே டிபன் கேரியர் நிற்கும். வாயில் என்ன கொழுக்கட்டையா, பேசு. எதிரே ரெஹானா, எல்லாக் கமாண்டையும் சோதித்துப் பார்க்கிற பிரிவின் தலைவி, இந்த மாற்றம் நல்லது என்று நேற்றுக் காபி குடிக்கும்போது சொன்னவள், இப்போது தன் விரல் மருதாணியைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயாவது சொல்லேண்டி. இரண்டாவது கண்ணாடி. ஊதினார். இந்த மௌனத்தை இவர் சம்மதம் என்று எழுதிக்கொள்ளப் போகிறார். இங்கே ஒருத்தி பேச வராமல் கிடக்கிறாள், தரையில் கிடந்தவளைப்போலக் கிடக்கிறாள், அதற்குப் பெயர் சம்மதமா. அம்மா கிடந்த கோலத்தைப் பார்த்து யாராவது சம்மதம் என்று எழுதிக்கொண்டிருப்பார்களா. எழுதிக்கொண்டார்கள். ஊரே எழுதிக்கொண்டது, சத்தமே வராத வீடு, நல்ல குடும்பம் என்று. நாற்காலி பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு." குரல் கத்தலாக வரவில்லை. கத்தலாக வந்திருந்தால்கூடத் தேவலை. கீழே, அடித்தொண்டையில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. அந்தக் குரலை இந்த அறையில் யாரும் கேட்டதில்லை, அவள் கேட்டிருக்கிறாள், அப்பா அபூர்வமாகப் பேசிய நாட்களில். "அந்தப் பையன் தப்புப் பண்ணல. நம்மளக் கேட்டான். நம்ம பதிலே சொல்லல. பதில் சொல்லாததுக்கு நல்லதுன்னு அர்த்தம்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நம்மதான். அவனைப் படியில இழுத்துட்டுப் போனப்போ அவன் கழுத்துல கெடந்தது நம்ம பேரு சார். தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். அசிங்கமா இருந்தாலும் சொல்லட்டும். ஸ்கிரிப்ட் எழுதினவங்க கத்தினா நான் போன் எடுக்கிறேன், ஒவ்வொருத்தருக்கும் நானே திருத்திக் குடுக்கிறேன். இந்த வெறும் திரை மட்டும் வெளிய போகக் கூடாது." சொல்லிக்கொண்டே பலகையை நோக்கி நடந்தாள், மூன்று வார்த்தைகளையும் எழுதிக்காட்டத்தான். வழியில் ரெஹானாவின் நாற்காலி. அவள் நெருங்கியதும் ரெஹானா மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலை, சத்தம் வராமல், எட்டாத பக்கமாக நகர்த்திவைத்தாள். யாரோ ஒருவர் கதவுப் பக்கம் பார்த்தார். கோதண்டபாணி துடைத்த கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொள்ளவில்லை. அதை மடக்கினார், பெட்டியில் வைத்தார், பெட்டியை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடி விழும் என்று எதிர்பார்க்கிற மனிதன் முதலில் காப்பாற்றுகிற பொருள் அது. கண்ணாடி இல்லாத கண்கள் சிறுத்து, ஈரமாக, எதிரே மங்கலாக வருகிற உருவம் என்ன செய்யப்போகிறது என்று தெரியாமல் கொட்டக் கொட்ட விழித்தன. "சரிம்மா," என்றார் அவசரமாக. "சரி, சரி. போட்டுடலாம். மூணு வார்த்தையும் போட்டுடலாம். ஏன், நல்லதுதானே." மற்றவர்களும் தலையாட்டினார்கள், சரி, சரி, சரி என்று அறை முழுக்க.

ஜெயித்துவிட்டாள். சவரியிடம் சொல்லலாம், நாளைக்குப் போகிற பதிப்பில் பெட்டி வாயைத் திறக்கும் என்று சொல்லலாம், தாடைக் கம்பிக்குள்ளே அவன் சிரிக்கப் பார்ப்பான். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் குளிர்தான் வந்தது. மார்க்கரைப் பிடித்த கை பலகைக்கு முன்னால் அப்படியே நின்றது. இத்தனை சரியும் எந்தச் சரி. களைப்பா, அதுவா, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அதே தலையாட்டல், அதே சிரிப்பு. இந்த அறையிலிருக்கிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து என்ன கணக்குப் போடுகிறார்கள். அவள் திரும்பினாள். வேகமாகத் திரும்பிவிட்டாள் போல, கதவுப் பக்கத்து ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "புரிஞ்சு சொல்றீங்களா," என்று கேட்டாள், "இல்ல, என்னைப் பாத்துப் பயந்து சொல்றீங்களா?" கோதண்டபாணி மேசையைப் பார்த்தார். கேட்டது அபத்தம் என்று அவளுக்கே தெரிந்தது, பயந்தவர்களிடம் போய்ப் பயமா என்று கேட்டால் என்ன பதில் வரும், இல்லையே என்றுதான் வரும், நல்லா இருக்கேன்க்கா, நல்லா இருக்கேன். ஒருவரும் பேசவில்லை. வெளியே இயந்திரம்கூட நின்றிருந்தது. யாராவது சொல்லுங்களேன். எதையாவது சொல்லுங்கள். கெட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள்.

"பயந்துதான்," என்றாள் ரெஹானா.

நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீ சொல்றது நியாயம் செண்பகா. நான் நேத்தே சொல்லியிருக்கணும், இன்னிக்கு இங்கயும் சொல்லியிருக்கணும், சொல்லல, அது என் தப்பு. ஆனா இப்ப நாங்க சரின்னு சொன்னது அதுக்காக இல்ல. நீ எழுந்த வேகத்தப் பாத்துத்தான். ஒரு மாசமா உன் பக்கத்துல உக்காரணும்னா வயித்தக் கலக்குது எனக்கு." அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை, அம்மா சொன்னதில்லை, சுடலை சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செண்பகவல்லிக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அறைந்த கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. அழுகை வருகிறதா, கோபம் வருகிறதா என்று ஒரு கணம் உள்ளே பார்த்தாள், தெரியவில்லை. மார்க்கரை மூடிப் பலகைத் தட்டில் வைத்தாள். யாரையும் உரசாமல் சுற்றிப்போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு கைகளையும் மேசைமேல், எல்லோருக்கும் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள்.